சன்னல் வெட்டிய பத்திரிகை

மத்தியான போசனம் முடிந்து சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, அன்றைய ஆங்கிலப் பத்திரிகையை விரித்தேன். முதற் பக்கத்தின் நடுவே சதுரமாக ஒரு துவாரம். புரட்டினேன், மூன்றாம் பக்கத்தில் இரண்டு. ஆசிரியத் தலையங்கம் இருக்கவேண்டிய இடத்தில் இன்னும் பெரிதாக மற்றொன்று. அதன் வழியே, எதிரே அமர்ந்திருந்த வீட்டுத் தலைவரின் முகம் முழுவதும் தெரிந்தது. அவர் முறுவலித்து, "எங்கள் வீட்டுப் பத்திரிகைக்குச் சன்னல்கள் அதிகம், சகலை. காற்றோட்டத்துக்குக் குறைவே இல்லை" என்றார்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத விடுமுறையில் பலாலியிலிருந்து விமானமேறிச் சென்னைக்குச் சென்றிருந்தபோது நடந்தது இது. என் மனைவியின் தமக்கையார் நெடுங்காலத்துக்கு முன்னரே இந்தியர் ஒருவரை மணஞ்செய்து அங்கே குடியமர்ந்தவர். வேளச்சேரியில் இல்லம். ஒரே மகன், எனக்குப் பெறாமகன் முறை. பெயர் எழுதுவதை அவன் விரும்பமாட்டான். தம்பி என்றே குறிப்பிடுகின்றேன். அப்போது அவனுக்கு வயது 27. பொறியியற் பட்டம் பெற்று, கணினி நிறுவனம் ஒன்றில் இரண்டாண்டு உழைத்து, கைநிறைந்த சம்பளத்தை உதறிவிட்டு, இந்திய ஆட்சிப் பணிப் பரீட்சைக்கு நான்காண்டுகளாகப் படித்துக்கொண்டிருந்தான்.

முதல்நாட் காலையில், "தம்பி எங்கே?" என்று நான் வினவியபோது, அவன் தாயார், "மாடியில் கரண்ட் படிக்கிறான்" என்றார். மின்சாரம் பயிலும் பிள்ளையென்று நான் எண்ணவில்லையாயினும், ஒரு கணம் விழித்தது உண்மை. நடப்பு நிகழ்வுகளுக்கு அவ்வீட்டார் இட்டிருந்த செல்லப்பெயர் அது. "கரண்ட் போயிற்று" என்று யாராவது சொன்னால், விளக்கு அணைந்ததா, பிள்ளை படிப்பதை நிறுத்திவிட்டானா என்பதை அவர்கள்தாம் அறிவார்கள்.

இப்பரீட்சையின் கடுமையை நம் மாணவர் எல்லோரும் அறிந்திருக்க நியாயமில்லை. முதனிலை, முதன்மை, நேர்முகம் என மூன்று படிகள். 2024ஆம் ஆண்டுப் பரீட்சைக்கு விண்ணப்பித்தவர்கள் 9 இலட்சத்து 92 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். ஜூன் 16ஆந் திகதி மண்டபத்துக்கு வந்து முதனிலைக்குத் தோற்றியவர்கள் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். மறுவருடம் ஏப்ரலில் இறுதியாகத் தெரிவானவர்கள் 1,009 பேர். முதனிலையின் பொதுப்பாட வினாத்தாளில் 100 வினாக்கள், 200 புள்ளிகள். பிழையான விடைக்கு, அவ்வினாவுக்குரிய புள்ளியில் மூன்றிலொரு பங்கு கழிக்கப்படும். 2023இல் பொதுப் பிரிவினருக்கான வெட்டுப்புள்ளி 75.41. இருநூற்றுக்கு எழுபத்தைந்தா என்று இளக்காரமாக எண்ணிவிட வேண்டாம். நாட்டின் மிகச்சிறந்த மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் அறையடைத்துப் படித்தும், அரைவாசிப் புள்ளிகூடப் பெறாமலே அப்படியைத் தாண்டினார்கள் என்பதே அதன் பொருள். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம்; ஆனால் தம்பி தோற்றிய முதனிலை வினாத்தாள்கள் யாவும் இந்தி, ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலேயே இருந்தன. பொதுப் பிரிவினர் 32 வயதுக்குள் ஆறு முறை தோற்றலாம். தம்பி நான்கு முறை தோற்றிவிட்டான். மூன்றாம் முறை முதனிலையில் இரண்டு புள்ளிகளால் தவறினான் என்று அவனுடைய தகப்பனார், மருத்துவர் சொன்ன நோயின் பெயரைச் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்.

முதனிலைப் பாடத்திட்டத்தின் முதல் வரியே, தேசிய, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நடப்பு நிகழ்வுகள் என்பதுதான். சரித்திரத்துக்கு ஒரு கரை உண்டு. பூகோளத்துக்கும் உண்டு. அரசியலமைப்புக்குப் புத்தகத்தின் பின்னட்டை உண்டு. நடப்பு நிகழ்வுக்கோ அதிகாலை ஐந்து மணிக்குப் பத்திரிகைக்காரன் மதிலுக்கு மேலாகப் புதியதோர் அத்தியாயத்தை எறிந்துவிட்டுப் போகிறான். அதனால் அவ்வீட்டில் பத்திரிகை முதலில் தம்பிக்கே உரியது. அவன் கோடிட்டு, வெட்டி, ஒட்டி முடித்த பின்னரே எஞ்சிய சட்டகம் கீழே இறங்கும். இவையன்றி, அரசாங்கம் 1957 முதல் வெளியிட்டுவரும் 'யோஜனா' சஞ்சிகை, தமிழில் அதன் பெயர் 'திட்டம்', ஆண்டு நூல்கள், அண்ணாநகர்ப் பயிற்சி நிலையங்கள் மாதந்தோறும் அச்சிட்டு விற்கும் தொகுப்புகள். நாம் ரியூட்டரி என்பதை அவர்கள் அகாடமி என்கின்றனர். நாற்காலிகளின் நெருக்கம் இரண்டிலும் ஒன்றே.

இரண்டாம் நாள் இரவு, "சித்தப்பா, நீங்கள் ஆசிரியராயிற்றே, என்னைச் சிறிது கேள்வி கேளுங்கள்" என்று ஒன்பது குறிப்புப் புத்தகங்களைக் கொண்டுவந்து என் முன் அடுக்கினான். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் கற்பிப்பவன் நான். விடுமுறையிலும் வினாக் கேட்கக் கசக்குமா?

"இந்தியாவில் மாநிலங்கள் எத்தனை?" என்று எளிதாகத் தொடங்கினேன்.

"மாநிலங்கள் 28, ஒன்றியப் பிரதேசங்கள் 8" என்றான், மூச்சுவிடாமல்.

"நான் உன் வயதில் படித்தபோதும் 28தான். அதே 28தானா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். 2014 ஜூன் 2ஆந் திகதி ஆந்திரத்திலிருந்து தெலுங்கானா பிரிந்தபோது 28 என்பது 29 ஆயிற்று. 2019 ஒக்ரோபர் 31ஆந் திகதி ஜம்மு காஷ்மீர் மாநில நிலையை இழந்து, லடாக்குடன் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாக்கப்பட்டபோது 29 என்பது மீண்டும் 28 ஆயிற்று. ஒன்றியப் பிரதேசங்கள் 7இலிருந்து 9 ஆயின. 2020 ஜனவரி 26இல் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாக இணைக்கப்படவே 9 என்பது 8 ஆயிற்று. ஆகவே 2013இல் 28 என்று எழுதியவனுக்கும் புள்ளி. 2020இல் எழுதியவனுக்கும் புள்ளி. ஆனால் முதல் 28இல் காஷ்மீர் உண்டு, தெலுங்கானா இல்லை. இரண்டாவதில் தெலுங்கானா உண்டு, காஷ்மீர் இல்லை. இடையே தனிமாநிலம் கேட்டுப் போராடிய தலைமுறைகளும், தொலைபேசி துண்டிக்கப்பட்டு மாதக்கணக்கில் மௌனமாயிருந்த பள்ளத்தாக்கும் அந்த ஒரே இலக்கத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன.

"இப்படி நான் நினைத்ததில்லை, சித்தப்பா" என்றான். ஆசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? என் சகலர் முன்னிலையில் சற்று நிமிர்ந்தே உட்கார்ந்தேன்.

அடுத்துச் சட்டம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 511 பிரிவுகளைக் கொண்டது. 2024 ஜூலை 1ஆந் திகதி முதல் அதன் இடத்தில் 358 பிரிவுகள் கொண்ட பாரதீய நியாய சம்ஹிதை நடைமுறைக்கு வந்தது. கொலைக்குரிய 302, 103 ஆயிற்று. மோசடிக்குரிய 420, 318க்குள் அடங்கிற்று. 1955இல் ராஜ் கபூர் தம் படத்துக்கே 'ஸ்ரீ 420' என்று பெயரிட்டார். ஏமாற்றுக்காரனை அந்த இலக்கத்தால் ஏசுவது பாரத நாடெங்கும் வழக்கமாயிருந்தது. இனி முந்நூற்றுப் பதினெட்டு என்றா ஏசுவது என்று சகலர் கவலைப்பட்டார். வாய்க்கு வசதியான இலக்கமன்று.

பிறகு சுற்றாடல். ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் இராம்சார் நகரிற் செய்யப்பட்ட உடன்படிக்கை. அதன் பட்டியலில் இந்திய நிலங்கள் எத்தனை? குறிப்புப் புத்தகத்தில் 82 என்பதை வெட்டி 85 என்று எழுதியிருந்தான். மை புதியது. அதே மாதம் 14ஆந் திகதிதான் நஞ்சராயன் குளமும் கழுவேலியும் மத்தியப் பிரதேசத்தின் தவா நீர்த்தேக்கமும் சேர்க்கப்பட்டிருந்தன. தமிழ்நாட்டின் கணக்கு 16இலிருந்து 18 ஆகியிருந்தது. (பின்னர் அதுவும் மாறிவிட்டது.) 2002 முதல் இருபது ஆண்டுகள் அம்மாநிலத்தில் அத்தகுதி பெற்றிருந்தது கோடிக்கரை ஒன்றே, நம் பருத்தித்துறைக் கடலுக்கு அக்கரையில் இருப்பது. 2022இல் ஒரே ஆண்டில் பதின்மூன்று இடங்கள் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்; பரப்பு ஏறக்குறைய 1,248 ஹெக்டேர்.

"பள்ளிக்கரணை எங்கே இருக்கிறது?" என்றேன்.

"இங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம்."

"போயிருக்கிறாயா?"

"தினமும் தாண்டிப் போயிருக்கிறேன்" என்றான். என் கண்ணைப் பார்க்கவில்லை.

பக்கத்தைப் புரட்டினேன். 'மிக்ஜாம் புயல், டிசெம்பர் 2023: பெயர் சூட்டிய நாடு மியன்மார்' என்று ஒரு வரி. வட இந்து சமுத்திரத்தைச் சூழ்ந்த பதின்மூன்று நாடுகள், நம் நாடும் அவற்றுள் ஒன்று, புயல்களுக்கு முறைவைத்துப் பெயரிடுகின்றன. எந்தப் பெயர் எந்த நாட்டினது என்று பரீட்சைகளிற் கேட்பதுண்டு. சரியான குறிப்புத்தான். ஆனால் அப்புயலின்போது அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் முழங்காலளவு நீர் நின்றதையும், மின்சாரமின்றி மூன்று நாள் அவர்கள் மாடியில் அடைபட்டிருந்ததையும் என் மனைவி தொலைபேசியிற் கேட்டு அழுததை நான் மறக்கவில்லை. அந்த வெள்ளத்தில் முதன்முதலாக மாடிக்கு ஏற்றப்பட்டவை அரிசி மூட்டையும் அல்ல, குளிர்சாதனப் பெட்டியும் அல்ல. இந்தக் குறிப்புப் புத்தகங்கள் என்றார் அவன் தாயார். அவ்வாறு காப்பாற்றப்பட்ட புத்தகத்தில் அந்த வெள்ளத்தைப் பற்றி எழுதியிருந்ததோ மியன்மாரின் பெயர் மட்டுமே!

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவனும் சிரித்தான். இன்னும் இரண்டு பக்கம் தள்ளியதும் என் சிரிப்பு நின்றது.

'நகர்ப்புற வெள்ளம். பொதுப்பாடம் மூன்று, பேரிடர் முகாமை' என்ற தலைப்பின்கீழ், '27 ஜூலை 2024, பழைய ராஜிந்தர் நகர், டில்லி. மூவர்' என்று எழுதப்பட்டிருந்தது.

அச்செய்தியை நான் யாழ்ப்பாணத்திலேயே வாசித்திருந்தேன். டில்லியின் அப்பகுதி, இதே பரீட்சைக்குப் படிக்க இந்தியாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து குவியும் இடம். அன்று மாலை பெய்த மழையில், பயிற்சி நிலையம் ஒன்றின் நிலவறையில் இயங்கிய வாசிகசாலைக்குள் தெருவெள்ளம் பாய்ந்தது. படித்துக்கொண்டிருந்தவர்களுள் இரண்டு பெண்பிள்ளைகளும் ஓர் ஆண்பிள்ளையும் வெளியேற முடியாமல் இறந்தனர்.

"தம்பி, இறந்தவர்கள் உன்னைப்போன்ற பிள்ளைகள். அவர்களும் உனக்கு ஒரு வினாதானா? எந்தப் பாடத்தின்கீழ் அடக்கலாம் என்றுதான் பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பறைக் குரல் அது. வீட்டில் எழுப்பத் தகாதது. அவன் தாயார் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அவன் கோபப்படவில்லை. புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி, அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

ஒன்பது புத்தகங்களிலும் எந்த நிகழ்வுக்கும் ஐந்து வரிக்கு மேல் அவன் எழுதியிருக்கவில்லை. இதற்கு நான்கு பக்கங்கள். பொருள்கள் வைக்கவும் வாகனம் நிறுத்தவும் அனுமதி பெற்ற நிலவறை எவ்வாறு வாசிகசாலையாயிற்று. அக்குடியிருப்பு ஒருகாலத்தில் எத்தனை பேருக்கென அமைந்தது, இன்று எத்தனை ஆயிரம் பேரைத் தாங்குகிறது. மழைநீர் வடிகாலைத் தூர்வார வேண்டியவர் யார். நிலவறைக்கு ஏன் பலர் போகின்றனர். தங்கும் அறையோ கட்டிலளவே, மாத வாடகையோ தகப்பனின் சம்பளத்தில் பாதி, குளிரூட்டியுள்ள வாசிகசாலை அதைவிட மலிவு. ஆகஸ்ட் 5ஆந் திகதி உச்சநீதிமன்றம் இவ்விடயத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது என்பது வரை, பொடி எழுத்தில், வெட்டும் திருத்தமுமாக எழுதியிருந்தான்.

"2022இல் பத்து மாதம் அதே பகுதியில்தான் இருந்தேன், சித்தப்பா. வேறொரு நிலவறை. காலை எட்டு மணிக்கு இறங்கினால் இரவு பத்துக்குத்தான் ஏறுவேன். மழை வந்தால் படியில் தண்ணீர் இறங்கும். மேசைக்கு மேலே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படிப்போம். அம்மாவிடம் சொன்னதில்லை." சிறிது நிறுத்தினான். "செய்தி வந்த அன்று எழுதவில்லை. ஒரு வாரம் புத்தகத்தையே தொடவில்லை. பிறகு இதை எழுதினேன். எழுதாவிட்டால் திரும்பவும் உட்கார்ந்திருக்கமாட்டேன். தலைப்புத்தான் எனக்கு வேறு தெரியவில்லை."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

எனக்கு என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. 2022இல் நம் நாட்டில் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, பஸ் இன்றி நான்கு மைல், ஐந்து மைல் நடந்துவந்த மாணவருக்கு, 'அந்நியச் செலாவணி நெருக்கடியின் ஐந்து காரணங்கள்' என்று நான் இலக்கமிட்டு எழுதுவித்தேன். புழுதி படிந்த காலோடு முன்வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை, "சேர், இது சோதனைக்கு வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். ஏன் நடந்து வந்தாய், வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று நான் அவளைக் கேட்கவில்லை. அன்று எழுதுவித்த அந்த ஐந்து காரணங்களும் சரியானவையே.

இப்பரீட்சையை நடத்துபவர்கள் அறிவிலிகள் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். 2023 முதனிலையில், தரப்பட்ட கூற்றுகளுள் எவை சரி என்று கேட்பதைப் பெரும்பாலும் விடுத்து, எத்தனை சரி என்று கேட்டார்கள். ஒரு கூற்றை அறிந்து மற்றதை ஊகித்து விடையைப் பொறுக்கும் வித்தை அங்கே செல்லாமற் போயிற்று. முதன்மைத் தேர்விலோ காரணமும் விளைவும் விளக்கி எழுதாதவனுக்கு இடமேயில்லை. அந்த நான்கு பக்கங்களைப்போல அவனால் எழுத முடியுமென்பதை முதன்மைத் தேர்வு ஏற்கும். ஆனால் அங்கே போய்ச்சேர மியன்மாரின் பெயரும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே நாலாண்டு அகப்பட்டவனிடம், செய்தியை மனிதனாக நின்று வாசி என்று விடுமுறைக்கு வந்த சித்தப்பன் உபதேசிப்பது எவ்வளவு சுலபம்!

"நாளைக் காலை பள்ளிக்கரணைக்குப் போவோமா?" என்று மட்டும் கேட்டேன்.

"பத்திரிகை?" என்றான்.

"அது ஓடிப்போகாது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். சதுப்பை ஊடறுத்துச் செல்லும் வீதியின் ஓரத்தில் நின்றபோது முதலில் மூக்குத்தான் எம்மை வரவேற்றது. பெருங்குடிப் பக்கத்தில் பல்லாண்டுகளாகக் குப்பை கொட்டப்பட்ட மேடு. மற்றப் பக்கம் கோரைப்புல்லும், கண்ணாடிபோல நீரும், அதன்மேல் அசையாமல் மிதக்கும் கூழைக்கடாக்களும். அதற்கப்பால் வானளாவிய மாடங்கள். தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் மழைநீர் எல்லாம் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலிற் சேரவேண்டும். சதுப்பு முன்பு இதைப்போலப் பன்மடங்கு பரந்திருந்தது. அதன்மேல் வீதிகளும் கட்டடங்களும் எழுந்தன. 2015 டிசெம்பர் முதலாந் திகதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்ரிமீற்றர் மழை கொட்டியபோதும், 2023இல் மிக்ஜாமின்போதும், தன் பழைய இடத்தைத் தேடி நீர் போன வழியிலேதான் வேளச்சேரி இருக்கிறது.

இவற்றை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் எனக்குச் சொன்னான். எல்லாம் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது, புத்தகத்தின் வெவ்வேறு பக்கங்களில். இராம்சார் ஒரு பக்கம், திண்மக் கழிவு ஒரு பக்கம், புயல் ஒரு பக்கம். கையை நீட்டி, "நீர் இப்படி வந்து, இங்கே தடைப்பட்டு, அந்தத் தெரு வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கவேண்டும்" என்று காட்டினான். வீட்டுக் கூரை அங்கிருந்து தெரிகிறதா என்று இருவரும் சிறிது நேரம் தேடினோம். தெரியவில்லை. இங்கு வரும் பறவைகளிற் சில கோடிக்கரை வழியாக எங்கள் தொண்டைமானாற்று நீரேரிக்கும் வந்திருக்கக்கூடும் என்றேன். "அதற்கு ஆதாரம் உண்டா, சித்தப்பா?" என்று கேட்டான். இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

தெருவோரக் கடையில் தேநீர் அருந்தி வீடு திரும்ப ஒன்பது மணியாகிவிட்டது. முன்விறாந்தையில் சகலர் மூக்குக்கண்ணாடியும் கையுமாக அமர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை, இணைப்புகள் சகிதம், ஒரு துவாரமுமின்றி அவர் மடியில் விரிந்து கிடந்தது. நாலாண்டில் முதல்முறை என்றார் அவர் மனைவி.

தம்பி வழக்கம்போலக் கையை நீட்டினான். சகலர் தாளைத் தம் மார்போடு அணைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறு, இன்னும் ஆறாம் பக்கத்துக்கே வரவில்லை" என்றார்.